கணினிக் கொத்தும் கூட்டு உழைப்பும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் மறுபுறத்தில், மூதூர்ப் பிரதேசத்தைச் சேர்ந்த வயல் சூழ்ந்த ஊர் கிளிவெட்டி. அறுவடை இயந்திரங்கள் வருமுன் இவ்வூர் போன்ற கீழ்மாகாணத்துக் கிராமங்களில் நெல் அறுத்த முறை யாவரும் அறிந்ததே. விளைந்து நிற்கும் வட்டை முழுவதையும் ஒருவரே அறுக்க முற்படின், அவர் எத்துணை வலியவராயினும், பாதி வேலை முடியுமுன் மீதிக் கதிர் உதிர்ந்துவிடும். ஆதலின் பலர் கூடினர். ஒவ்வொருவரும் தமக்குரிய பங்கை அறுத்து உப்பட்டியாக இட்டனர். உப்பட்டிகள் களவெட்டியை அடைந்து சூடாயின. சூடு மிதிக்கப்பட்டு நெல்லாயிற்று. விதைப்பு நாளையும் நீர்ப் பங்கீட்டையும் ஒழுங்கு செய்ய வட்டவிதானையார் ஒருவர் இருந்தார்.

இம்முறையில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. பெரிய வேலை சிறு பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது என்பது முதலாவது. பங்கு பெற்றோர் தம்முள் தொடர்பு கொள்ளவேண்டும் என்பது இரண்டாவது. எவ்வளவு பேர் கூடினும் பிரிக்கவொண்ணாத ஒரு பகுதி எஞ்சி நிற்கும் என்பது மூன்றாவது. இக்காலத்து அறிவியலார் சாதாரண கணினிகள் பலவற்றை ஒன்றாகப் பிணைத்துப் பேராற்றல் பெறும் ‘கணினிக் கொத்து’ என்னும் அமைப்பும் இம்மூன்றின்மீதே நிற்கிறது. அதன் வரலாற்றையும் இயல்பையும், வசதி குன்றிய ஊர்களுக்கு அது தரும் வாய்ப்பையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னாளில் பெருங்கணிப்பு என்பது பெருஞ்செல்வம் படைத்த நிறுவனங்களுக்கே உரியதாயிருந்தது. சீமோர் கிறே என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் வகுத்த ‘கிறே-1’ என்னும் மீக்கணினி 1976ஆம் ஆண்டு லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்டது. அத்தகைய பொறிகள் ஒவ்வொன்றும் தனித்து வகுக்கப்பட்டவை. பல இலட்சம் டொலர் விலை பெற்றவை. சிறு செயலிகள் பலவற்றைக் கூட்டிப் பெருவேலை செய்யலாம் என்ற கருத்தை கிறே ஏற்கவில்லை. வயலை உழுவதற்கு வலிய எருதுகள் இரண்டு வேண்டுமா, கோழிக்குஞ்சுகள் ஆயிரத்துக்கு மேல் வேண்டுமா என்று அவர் கேட்டதாகக் கூறுவர். கேள்வி நகைப்புக்குரியதாயினும் அதன் உட்பொருள் வலியது. ஆயிரம் குஞ்சுகளை ஒரே திசையில் இழுக்கச் செய்வது யார்?

பணம் மட்டுமே தடையாக இருக்கவும் இல்லை. 1980களின் பிற்பகுதியில், உயர்திறன் வாய்ந்த கிறேக் கணினியை இந்தியாவுக்கு விற்பதற்கு ஐக்கிய அமெரிக்க அரசு இசையவில்லை. வானிலை ஆய்வுக்கு உதவும் பொறி, படைக்கலம் வகுக்கவும் உதவக்கூடும் என்பது அதன் அச்சம். அதன் விளைவாக, 1988ஆம் ஆண்டு பூனாவில் உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி மையம் நிறுவப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் அம்மையம் 1991ஆம் ஆண்டு ‘பரம் 8000’ என்னும் பொறியை உருவாக்கிற்று. ஒரு பெருஞ்செயலிக்குப் பதிலாகச் சிறு செயலிகள் பல சேர்ந்து இயங்கும் வழியையே அதுவும் பின்பற்றியது. எனினும் அது தனியே வகுக்கப்பட்ட பொறி. கடையில் எவரும் வாங்கத்தக்க பொருள்களைக்கொண்டு அதே பயனை அடைதல் பின்னரே கைகூடிற்று.

1994ஆம் ஆண்டு, நாசா நிறுவனத்தின் கொடார்ட் விண்வெளிப் பறப்பு நிலையத்தில் தோமஸ் ஸ்ரேர்லிங், டொனால்ட் பெக்கர் என்னும் இருவர் 16 சாதாரண கணினிகளை ஒன்றாக இணைத்தனர். அலுவலக மேசைகளில் அந்நாளில் இருந்த இன்ரெல் 486 வகைச் செயலிகளே அவற்றில் இருந்தன. இணைப்புக்கும் அலுவலகங்களில் வழங்கிய ஈதர்நெற் வடங்களே பயன்பட்டன. பழைய ஆங்கிலக் காப்பியம் ஒன்றின் வீரனுடைய பெயரால் இவ்வமைப்புக்குப் ‘பியோவுல்வ்’ என்று பெயரிட்டனர். பின்னர் இவ்வகைக் கொத்துகள் அனைத்துக்கும் அதுவே பொதுப்பெயராயிற்று. மூன்றாண்டுகளின் பின், 1997ஆம் ஆண்டு, விலைக்கேற்ற வேகத்துக்கென வழங்கப்படும் கோர்டன் பெல் பரிசை, 16 பென்ரியம் புரோ கணினிகளைக் கொண்ட இத்தகைய கொத்துகளில் நிகழ்ந்த கணிப்பு வென்றது. கிறேயின் கேள்விக்கு விடை கிடைக்கத் தொடங்கியது.

அவ்விடையின் பாதி இரும்பிலும் செம்பிலும் இருந்தது. மறுபாதி மென்பொருளில் இருந்தது. றிச்சாட் ஸ்டோல்மன் 1983ஆம் ஆண்டு ‘குனு’ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளின் மூலத்தை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்பது அதன் கோட்பாடு. 1991ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ், பணிசெயல் முறைமையின் கருவாகிய ‘லினக்ஸ்’ என்பதை வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்தபோது, விலையின்றிப் பெறத்தக்க முழுமையான முறைமை ஒன்று உலகினர் கைக்கு வந்தது.

விலையின்மை அதன் சிறப்புகளுள் ஒன்றே. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி உரிமம் வாங்கவேண்டியிருப்பின் நூறு கணினிக் கொத்துக்கு நூறு உரிமம் வேண்டும். ஆதலின் இச்சிறப்பும் சிறிதன்று. ஆயினும் இதனினும் பெரியது மூலம் திறந்திருந்தமையே. இரண்டு ஈதர்நெற் இணைப்புகளை ஒன்றாகச் சேர்த்துச் செய்தியை விரைவாக அனுப்ப பெக்கர் விரும்பினார். அதற்கு முறைமையின் உட்பகுதியில் மாற்றம் வேண்டியிருந்தது. மூலம் கையில் இருந்தமையால் அவர் தாமே அம்மாற்றத்தைச் செய்தார். லினக்ஸுக்கென அவர் எழுதிய வலையமைப்பு இயக்கிகள் பின்னர் உலகெங்கும் பயன்பட்டன. மூலம் பூட்டப்பட்டிருந்தால் விற்பனையாளர் மனமிரங்கும்வரை அவர் காத்திருக்கவேண்டியிருந்திருக்கும். திறந்த மூலம் என்பது பொதுக்குளம் போன்றது. நீர் எடுப்போர் பலர். கட்டு உடைந்தால் மண் போடும் உரிமையும் அப்பலருக்கே உண்டு.

இனி, கொத்து எவ்வாறு இயங்குகிறது என்பதை நோக்குவோம். அதிலுள்ள ஒவ்வொரு கணினியும் கணு எனப்படும். ஒரு கணு தலைமை தாங்கும். வட்டவிதானையாரைப்போல வேலையை ஏவுவதும் விளைவைத் திரட்டுவதும் அதன் கடன். ஏனையவை கணிப்பை மட்டுமே செய்யும். ஆதலின் அவற்றுக்குத் திரையோ விசைப்பலகையோ வேண்டியதில்லை. எல்லாக் கணுக்களும் வடங்களால் ஒரு வலையமைப்பு ஆளியுடன் இணைக்கப்படும். தலைமைக் கணுவின் வட்டிலுள்ள கோப்புகளை மற்றவையும் தம்முடையனபோலப் படிக்கும். கணுக்கள் தம்முள் செய்தி பரிமாறுவதற்கென 1994ஆம் ஆண்டு ‘எம்.பி.ஐ.’ என்னும் பொதுநியமம் வகுக்கப்பட்டது. ‘இன்ன எண்ணை இன்ன கணுவுக்கு அனுப்புக’, ‘இன்ன கணுவிடமிருந்து பெறுக’, ‘எல்லோரும் முடிக்கும்வரை காத்திருக்க’ என்பன போன்ற கட்டளைகளே அதன் சாரம்.

வானிலைக் கணிப்பை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2020ஆம் ஆண்டு திசெம்பர் 2ஆம் நாள் ‘புரெவி’ என்னும் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்தது. அத்தகைய புயலின் போக்கை முன்னறிய, வளிமண்டலத்தைச் சிறுகட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், அமுக்கம், ஈரம் ஆகியவற்றைச் சிறு நேர இடைவெளிகளிற் கணிப்பர். கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கிழக்கு மேற்கில் இரு மடங்கும், வடக்கு தெற்கில் இரு மடங்கும் கட்டங்கள் பெருகும். நேர இடைவெளியையும் பாதியாக்கவேண்டும். ஆக வேலை எட்டு மடங்காகும். பல கிலோமீற்றர் அகலமான கட்டத்திலே கிளிவெட்டி போன்ற ஊர் ஒரு மூலையில் மறைந்துவிடும். நுண்ணிய கட்டத்தாலேயே அவ்வூரின் மழை, அயலூரின் மழையினின்றும் வேறுபட்டுத் தோன்றும். கணிப்பாற்றல் குறைந்தவனுக்குத் தன் ஊர் வரைபடத்திலேயே தெரியாது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வேலையைப் பலரிடையே பகிரலாம் என்பதைக் கணினி தோன்றுமுன்னரே கண்டவர் லூயிஸ் பிறை றிச்சாட்சன். 1922ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அவர் ஒரு கற்பனை மண்டபத்தை வருணித்தார். உலகப்படம் தீட்டிய அம்மண்டபத்தில் 64,000 மனிதர் அமர்ந்து, தத்தமக்குரிய நிலப்பகுதியின் வானிலையைக் கையாற் கணிப்பர். நடுவே நிற்கும் தலைவர் முந்துவோர்மீது ஒரு நிற ஒளியையும் பிந்துவோர்மீது வேறு நிற ஒளியையும் பாய்ச்சி எல்லோரையும் ஒருசேர நடத்துவார். இன்றைய கணினிக் கொத்து அம்மண்டபமே. மனிதருக்குப் பதிலாகக் கணுக்கள் அமர்ந்திருக்கின்றன.

ஆயின் அயலவரோடு பேசாமல் எவரும் தம் பங்கை முடிக்க இயலாது. ஒரு வயலின் நீர்மட்டம் வரம்புக்கு அப்பாலுள்ள வயலைப் பொறுத்திருப்பதுபோல, ஒரு கணுவின் எல்லைக் கட்டங்கள் அயற்கணுவின் எண்களைப் பொறுத்திருக்கின்றன. ஒரு கணுவுக்கு நீளம் 100, அகலம் 100 ஆக 10,000 கட்டங்கள் கொடுக்கப்படின், அவற்றுள் எல்லையில் நிற்பவை 396. நூற்றுக்கு நான்கு வீதமே. பங்கை மேலும் நறுக்கி 10க்கு 10 ஆக 100 கட்டங்கள் கொடுப்பின், எல்லைக் கட்டங்கள் 36; நூற்றுக்கு 36 வீதம். பங்கு சிறுக்குந்தோறும் வேலை குறைந்து பேச்சு பெருகுகிறது. சாதாரண வலையமைப்பில் ஒரு செய்தி சென்றுசேர 50 மைக்ரோசெக்கன் ஆகுமெனக் கொண்டால், செக்கனுக்கு 200 கோடி முறை துடிக்கும் செயலி அவ்விடைவெளியில் ஓர் இலட்சம் துடிப்புகளை வீணே கழித்துவிடும். ஆகவே கொத்தை அமைப்பவர் செயலியின் வேகத்தை மட்டும் பார்த்து மயங்கலாகாது. வடத்தின் வேகத்தையும் பார்க்கவேண்டும்.

மூன்றாவது செய்தி, பிரிக்கவொண்ணாப் பகுதி பற்றியது. இதனை 1967ஆம் ஆண்டு ஜீன் அம்டால் என்னும் பொறியியலாளர் எடுத்துரைத்தார். மீண்டும் வயலுக்கே செல்வோம். ஓர் அறுவடைக்கு 100 மணி நேரம் ஆகும் என்க. அதில் 90 மணி கதிர் அறுப்பு. 10 மணி ஒரே களவெட்டியிற் சூடு மிதித்தல். 9 பேர் அறுக்க வந்தால் அறுப்பு 10 மணியில் முடியும். சூட்டின் 10 மணியும் சேர, மொத்தம் 20 மணி. வேலை ஐந்து மடங்கு விரைவாயிற்று. 90 பேர் வந்தாலோ அறுப்பு ஒரு மணியில் முடியும். மொத்தம் 11 மணி. ஆட்கள் பத்து மடங்கானபோதும் விரைவு ஒன்பது மடங்கைச் சிறிதே தாண்டுகிறது. ஊரே திரண்டாலும் 10 மணிக்குக் கீழே இறங்க வழியில்லை. எனவே கணினிகளைக் கூட்டுமுன் களவெட்டியைத் திருத்துக என்பதே அம்டால் விதியின் படிப்பினை.

இவ்விதி மனந்தளரச் செய்வதாயினும் 1988ஆம் ஆண்டு ஜோன் கஸ்ரப்சன் வேறொரு பக்கத்தைக் காட்டினார். ஆட்கள் பெருகும்போது அதே சிறு வயலை விரைந்து அறுக்க எவரும் முனைவதில்லை. பெரிய வயலை எடுக்கின்றனர். அதுபோலக் கணுக்கள் பெருகுங்கால் அறிஞர் நுண்ணிய கட்டங்களையும் பெரிய வினாக்களையும் எடுத்துக்கொள்வர். அப்போது பிரிக்கவொண்ணாப் பகுதி, மொத்த வேலையில் ஒரு சிறு கூறாகிவிடும்.

இவ்வுண்மைகள் யாவும் ஒருங்கே விளங்கிய அமைப்பு தமிழ்நாட்டில் எழுந்தது. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004ஆம் ஆண்டு ‘கப்ரு’ என்னும் கொத்து நிறைவு பெற்றது. இமயத்துச் சிகரம் ஒன்றன் பெயரைத் தாங்கிய அதில் 144 கணுக்கள் இருந்தன. கணுவுக்கு இரண்டாக 288 சியோன் செயலிகள். பணிசெயல் முறைமை லினக்ஸ். அணுவின் கருவுள்ளே குவார்க்குகளைப் பிணைக்கும் விசையை எண்கணிப்பால் ஆராய்வது அதன் முதன்மைப் பணி. அக்கணிப்பில் வெளியும் காலமும் புள்ளிகளாலான வலையாகக் கொள்ளப்படும்; ஒவ்வொரு புள்ளியும் தன் அயற்புள்ளிகளுடன் மட்டுமே பேசும். அதற்கு ஒப்ப, கணுக்களும் முத்திசையிலும் தத்தம் அயற்கணுக்களுடன் நேரே இணைக்கப்பட்டன. ஓரத்துக் கணு மறுஓரத்துக் கணுவுடன் வளையமாகப் பிணைக்கப்பட்டது. வேலையின் இயல்பை அறிந்தே வடமும் இடப்பட்டது எனலாம்.

அதன் செயலிகள் ஓய்வின்றி உழைத்தால் செக்கனுக்கு 1,38,240 கோடி கணிப்புகள் கூடும். அளவைத் தேர்வில் உண்மையாகப் பெற்றவை ஏறத்தாழ 1,00,200 கோடி. அதாவது நூற்றுக்கு 72 வீதத்துக்குச் சற்று மேல். எஞ்சிய 27 வீதம் பேச்சிலும் காத்திருப்பிலும் பிற செலவுகளிலும் கழிந்தது. கூட்டு உழைப்புக்குக் கொடுக்கும் கூலி அது. இன்னொரு கூலியும் உண்டு. ஒரு கணினி ஆயிரம் நாளுக்கு ஒருமுறை பழுதுறும் எனக் கொண்டால், 144 கணினிகள் உள்ள இடத்தில் ஏழு நாளுக்கு ஒன்று பழுதுறும். ஆதலின் நெடுங்கணிப்பை இடையிடையே வட்டில் எழுதி வைத்து, பழுது நேர்ந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் முறை இன்றியமையாததாகிறது.

கப்ரு புதிய கணினிகளால் அமைந்தது. கழித்துவிடப்பட்ட கணினிகளால் அமைந்த கொத்தும் உண்டு. அமெரிக்காவின் ஒக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹாகுறோவ், பொறஸ்ற் ஹொவ்மன் என்னும் இருவர் கொத்து ஒன்று அமைக்கப் பொருளுதவி கேட்டனர், கிடைக்கவில்லை. அவர்கள் ஆய்வுகூடத்தில் ஒதுக்கப்பட்ட பழைய 486, பென்ரியம் கணினிகளைச் சேகரித்து, 1997ஆம் ஆண்டளவில் ஒரு கொத்தை இயங்கச் செய்தனர். வெறுங்கல்லைப் பானையிலிட்டுக் காய்ச்சத் தொடங்கிய வழிப்போக்கர், ஊரார் ஒவ்வொருவரும் சிறிது காய்கறி கொண்டுவந்து போட, யாவரும் உண்ணும் சாறு பெற்ற கதை ஐரோப்பாவில் வழங்குகிறது. அக்கதையின் பெயரையே அக்கொத்துக்கும் இட்டனர்.

பழைய கணினிகள் ஒரே வேகத்தன அல்ல. சம பங்கு கொடுத்தால் விரைந்தது முடித்துவிட்டு மெதுவானதற்காகக் காத்திருக்கும். ஆதலின் வேலையைச் சிறு துண்டுகளாக்கி, முடித்தவர் வந்து அடுத்ததைப் பெறும் ஒழுங்கை அவர்கள் கைக்கொண்டனர். வலியவர் பத்து நிரையும் மெலியவர் மூன்று நிரையும் அறுத்து, எல்லோரும் ஒரே நேரத்திற் கரையேறுவதை ஒத்தது இது. அக்கொத்தைக்கொண்டு அமெரிக்கப் பெருநிலத்தை ஒரு சதுர கிலோமீற்றர் அளவான 78 இலட்சம் கட்டங்களாகப் பிரித்து, வெப்பம், மழை, மண் முதலியவற்றால் ஒத்த நிலங்களை வகைப்படுத்தும் படம் ஆக்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட பொருளால் ஒதுக்கமுடியாத அறிவு விளைந்தது.

இதனைக் கிளிவெட்டி போன்ற ஊரின் பாடசாலை ஒன்று மேற்கொள்ளலாகாதா என்னும் வினா இயல்பாக எழும். போரினாலும் வெள்ளத்தினாலும் பலகாலம் தளர்ந்த பகுதியில் புதிய பொறிகளுக்குப் பணம் தேடுதல் அரிது. அலுவலகங்கள் கழித்த கணினிகள் எட்டைத் தேடுதல் அத்துணை அரிதன்று. அவற்றோடு ஆளி ஒன்றும் வடங்கள் சிலவும் வேண்டும். ‘டெபியன்’ போன்ற லினக்ஸ் தொகுப்பும், எம்.பி.ஐ. நியமத்தை நிறைவேற்றும் திறந்த மூல நூலகமும் விலையின்றிக் கிடைக்கும். முதலில் இரண்டு கணினிகளை இணைத்து, ஒன்றன் எண்ணை மற்றொன்று பெறுமாறு செய்தல் வேண்டும். பின்பு ஒரு வட்டத்தின் பரப்பைப் புள்ளிகளை எண்ணிக் காணும் கணக்கைப் பகிரலாம். அதில் கணுக்கள் ஒன்றோடொன்று பேசவேண்டிய தேவை மிகக் குறைவு. அடுத்து, சூடேறிய தகட்டில் வெப்பம் பரவும் கணக்கைச் செய்தால் எல்லைப் பரிமாற்றத்தின் அருமை விளங்கும். கணுக்களை ஒன்றொன்றாகக் கூட்டி, நேரத்தை அளந்து வரைந்தால், அம்டால் விதி மாணவர் கண்முன்னே வளைகோடாக எழும்.

இதன் வரம்புகளையும் மறைத்தல் தகாது. ஒவ்வொரு பழைய கணினியும் 100 வாற்று வாங்குமெனின், எட்டும் பத்து மணி நேரம் இயங்க எட்டு அலகு மின்சாரம் செலவாகும். அறையின் வெப்பத்தைப் போக்கவும் வழி வேண்டும். அன்றியும், கப்ரு முழுவதும் சேர்ந்து பெற்ற வேகத்தை இன்று வரைகலைச் செயலி அட்டை ஒன்றே எட்டவல்லது. ஆகையால் பழைய கணினிக் கொத்தை வேகத்துக்காக அமைப்பவர் ஏமாறுவர்; அறிவுக்காக அமைப்பவர் ஏமாறார். வேலையைப் பகுக்கும் முறையும், பேச்சைக் குறைக்கும் முறையும், பழுதைத் தாங்கும் முறையும் எட்டுக் கணுவிலும் எண்ணாயிரம் கணுவிலும் ஒன்றே. வேண்டாத கணினிகள் கொண்டு கொத்து அமைந்த அதே ஒக் றிட்ஜ் ஆய்வுகூடத்திலேயே, 2022ஆம் ஆண்டு ‘புரொன்ரியர்’ என்னும் மீக்கணினி செக்கனுக்கு பத்தின் பதினெட்டாம் அடுக்கு என்னும் எண்ணிக்கையைக் கடந்தது. 9,400க்கு மேற்பட்ட கணுக்களைக் கொண்ட அதுவும் லினக்ஸிலேயே இயங்குகிறது. 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல், உலகின் தலைசிறந்த 500 மீக்கணினிகளின் பட்டியலில் இடம்பெறுவன அனைத்தும் லினக்ஸ் வழி வந்தவையே.

திறந்த மூலம் பிறர் ஆக்கியதைப் பெறுவதற்கு மட்டும் உரிய வழியன்று என்பதையும் இலங்கையே உலகுக்குக் காட்டியிருக்கிறது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மூதூர், கிண்ணியா உள்ளிட்ட கீழ்க்கரையைத் தாக்கியபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிவு செய்ய இந்நாட்டு மென்பொருளாளர் பலர் கூடி ‘சகானா’ என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். பின்னர் அது வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநலப் பரிசையும் பெற்றது. பொதுக்குளத்தில் நீர் எடுத்தவர் மண்ணும் போட்டனர்.

கிறேயின் எருதுகள் வலியவையே. அவற்றை வாங்க வல்லவர் சிலர். பலரை ஒரே திசையில் இழுக்கச் செய்யும் கலையோ கற்கத்தக்கது. அதன் ஏடுகள் திறந்தே கிடக்கின்றன. தன் வயலின் மழையைப் பற்றிய வினாவைப் பிறர் கேட்டு, பிறர் கணித்து, பிறர் விடை தரும்வரை காத்திருக்கும் ஊர் ஒன்று. அவ்வினாவைத் தானே எழுதிப் பங்கிட்டுப் பார்க்கக் கற்ற மாணவரை உடைய ஊர் மற்றொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குச் செல்லும் வழி, ஒதுக்கப்பட்ட எட்டுக் கணினிகளிலிருந்தும் தொடங்கலாம்.